எல்லாரும் தள்ளி நில்லுங்க!

போன மாசம் எங்க வீட்ல ஒரு தலகாணி ஐம்பது தடவைக்கு மேல செத்துச் செத்துப் பொழச்சுது. கொஞ்ச நாளா ஆளையே காணோமேன்னு கேட்ட நண்பர்களுக்கு இதான் பதில். ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தின்னு சொல்லித் தப்பிச்சிருக்கலாம். ஆனா உண்மை என்னன்னா, அந்தத் தலகாணியோட நெஞ்சை அமுக்கிக்கிட்டு இருந்த ஆள் நான்தான் :-)

அக்கா நர்ஸ். தென்காசிப் பக்கம் தமிழ் மீடியத்துல படிச்சு, நர்சிங் டிப்ளமா முடிச்சு, சென்னைக்கு வந்து பதினொரு வருஷமா ஒரு தனியார் ஆஸ்பத்திரியில சிசியூவுல வேலை. அதாவது மாரடைப்பு வந்தவங்களை மானிட்டர் மாட்டிப் படுக்க வைக்கிற வார்டு. அத்தான் துபாய்ல. அக்கா, அவ ஏழு வயசுப் பையன், அம்மா, நான் எல்லாரும் மேடவாக்கத்துல ஒரே வீடு. நான் பொட்டி தட்டுறவன், அது உங்களுக்கே தெரியும்.

இத்தனை வருஷமா அவகிட்ட பிஎல்எஸ் கார்டு மட்டும்தான் இருந்தது. நெஞ்சை அமுக்கி, மூச்சு கொடுக்கிற அடிப்படைப் பயிற்சி. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். இந்த வருஷம் ஷிஃப்ட் இன்சார்ஜ் பதவிக்கு ஆள் எடுக்கிறாங்க, ஏசிஎல்எஸ் கார்டு இருந்தாத்தான் பேரையே சேர்ப்போம்னு சொல்லிட்டாங்க. அது அடுத்த படி. அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் நடத்துற பயிற்சி. நின்னு போன இதயத்தையும், நிக்கப் போற இதயத்தையும் மருந்து, ஷாக் எல்லாம் வச்சு எப்படிக் காப்பாத்தறதுங்கிற பாடம். ஃபீஸை நீங்களே கட்டுங்க, பாஸானா பாதி திருப்பித் தருவோம்னு ஆஸ்பத்திரி சொல்லிச்சு. லீவு? வார விடுமுறையில போய்க்கணும். ஒரு வாரம் நைட் ஷிஃப்ட் பார்த்துட்டு, அந்தத் தூக்கத்தோட ரெண்டு நாள் வகுப்பு.

நான் உடனே என் தொழில் புத்தியைக் காட்டினேன். "அக்கா, டம்ப்ஸ் கிடைக்குமான்னு பாக்கட்டுமா?"

தெரியாதவங்களுக்கு: எங்க துறையில சர்டிஃபிகேஷன் எழுதறதுக்கு முன்னாடி, ஏற்கனவே எழுதினவங்க ஞாபகம் வச்சு வெளியில விட்ட கேள்வி பதிலை மனப்பாடம் பண்றது ஒரு வழக்கம். என் பேருக்குப் பின்னாடி இருக்கிற ஒரு க்ளவுட் சர்டிஃபிகேட் அப்படி வாங்கினதுதான். பெருமையா சொல்லலை. வாங்கின அடுத்த வாரம் ப்ரொடக்‌ஷன் சர்வர் படுத்துக்கிச்சு, எனக்கு ஒண்ணும் தெரியலை, பக்கத்து சீட்டுக்காரர் வந்து சரி பண்ணிட்டுப் போனார். யாரும் சாகலை.

அக்கா ஒரு பார்வை பார்த்தா. அவ்வளவுதான், வாயை மூடிட்டேன்.

எழுத்துத் தேர்வு அவளுக்குப் பிரச்சனையே இல்லை. பாஸ் மார்க்கே நூத்துக்கு 84. அதைத் தாண்டிட்டா. விழுந்தது மெகாகோட்ல. ஒரு பொம்மையைப் படுக்க வச்சிருப்பாங்க. அதுக்கு நெஞ்சு வலின்னு ஆரம்பிச்சு, நாடித் துடிப்பு குறைஞ்சு, அப்புறம் இதயம் நின்னு, மானிட்டர்ல கோடு மாறி மாறி வரும். தேர்வு எழுதறவங்கதான் டீம் லீடர். மத்தவங்க அவங்க சொல்றதை மட்டும்தான் செய்யணும்.

அன்னிக்கு சாயங்காலம் வீட்டுக்கு வந்தவ, பையைக் கூட இறக்காம சமையல் கட்டு வாசல்ல உக்காந்துட்டா. கொஞ்சம் கொஞ்சமா விஷயம் வெளிய வந்தது. முதல்ல பொம்மைக்குத் துடிப்பு 38, பிரஷர் கீழ, தலை சுத்துது. அக்கா வழக்கம் போல "அட்ரோபின் 0.5 மில்லிகிராம்"னு சொல்லியிருக்கா. அவ படிக்கிறப்ப அதான் சரி. 2020-ல அதை 1 மில்லிகிராம்னு மாத்திட்டாங்க. படிச்சிருந்தா, எழுத்துத் தேர்வுல சரியா டிக் கூட அடிச்சிருந்தா. ஆனா வாயில வந்தது பழைய கணக்கு.

அதைக் கூட மன்னிச்சிருப்பாங்க. அடுத்து மானிட்டர்ல விஎஃப். வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன், இதயம் துடிக்காம வெறுமனே நடுங்குறது. உடனே ஷாக் கொடுக்கணும். அக்கா நிஜத்துல எத்தனையோ தடவை பார்த்த கோடு. டீம்ல ரெண்டு சின்ன வயசு டாக்டருங்க இருந்தாங்க. அக்கா அதுல ஒருத்தர் முகத்தைப் பார்த்து, "டாக்டர், ஷாக் கொடுக்கலாமா?"ன்னு கேட்டிருக்கா.

விளையாட்டு விதிப்படி அந்த டாக்டர் பதில் சொல்லக் கூடாது. அவர் நின்னார். நெஞ்சமுக்கிக்கிட்டு இருந்தவரும் கையை எடுத்துட்டு இவ முகத்தைப் பார்த்தார். பத்து நொடிக்கு மேல அமுக்குறதை நிறுத்தக் கூடாதுங்கிறது அங்க பால பாடம். எல்லாரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கிட்டு நின்னாங்க. "சிஸ்டர், லீடர் நீங்கதான்"னார் இன்ஸ்ட்ரக்டர். அப்பவும் அவளுக்குக் குரல் வரலை.

ரெண்டு வாரம் கழிச்சு வந்து மறுபடி செஞ்சு காட்டுங்கன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அவ ஜூனியர் பொண்ணுங்க ரெண்டு பேர் அன்னிக்கே பாஸ்.

"தெரியாம நின்னேன்னா பரவால்லடா. தெரிஞ்சுக்கிட்டே நின்னேன்"னா.

அப்பத்தான் பழைய கதை ஒண்ணு சொன்னா. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். ஒரு நோயாளியோட மானிட்டர் கோடு கூர்கூரா வர ஆரம்பிச்சிருக்கு. பொட்டாசியம் ஏறியிருக்குமோன்னு டியூட்டி டாக்டர்கிட்ட கேட்டிருக்கா. "நீ டாக்டரா, நான் டாக்டரா?"ன்னு நோயாளி முன்னாடியே விழுந்தது. ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் அவ சொன்ன மாதிரியே வந்தது. அதுக்கு என்ன சொன்னாங்கன்னு கேட்டேன். "ரிப்போர்ட் வர ஏன் லேட்டுன்னு அதுக்கும் என்னைத்தான் திட்டினாங்க"ன்னா. அன்னியிலேர்ந்து, தெரிஞ்ச விஷயத்தையும் கேள்வியா மாத்திக் கேட்கப் பழகிட்டா. "கொடுங்க"ன்னு வராது, "கொடுக்கலாமா டாக்டர்?"னுதான் வரும். பதினொரு வருஷப் பழக்கம். இதை ரெண்டு வாரத்துல மாத்தணும்.

அப்படித்தான் எங்க வீட்டு ஹால் சிசியூ ஆச்சு. நோயாளி: தலகாணி. நெஞ்சமுக்குறவன்: நான். மருந்து கொடுக்கிறதும் குறிச்சு வைக்கிறதும், கூடவே ஷாக் மெஷினும்: அம்மா, கையில ரெண்டு தோசைத் திருப்பி. கடிகாரம்: மருமகன். ரெண்டு நிமிஷம் ஆனா "டைம்!"னு கத்தறது அவன் வேலை. அதை ஒரு நாள் கூட மறக்கலை.

மானிட்டர் என் லேப்டாப். பைத்தான்ல சின்னதா ஒரு ப்ரோக்ராம் எழுதினேன். ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை கோடு தன்னால மாறும். முதல் நாள் நான் வரைஞ்ச விஎஃப்பைப் பார்த்துட்டு, "இது விஎஃப் இல்லடா, உன் கையெழுத்து"ன்னா. ரெண்டு நாள் கழிச்சு சிரிச்ச முதல் சிரிப்பு.

"ஆக மொத்தம் நீங்க பண்றதும் சிஸ்டத்தை ரீஸ்டார்ட் பண்றதுதானே?"ன்னு கேட்டேன். இல்லையாம். ஷாக் இதயத்தை ஓட வைக்கிறது இல்லை, நிறுத்துறது. கண்டபடி நடுங்குற எல்லா செல்லையும் ஒரு கணம் அடக்கினா, இதயத்துக்குன்னு இருக்கிற சொந்த பேஸ்மேக்கர் மறுபடி பொறுப்பை எடுத்துக்கும்னு ஒரு நம்பிக்கை. அதனாலதான் நேர்கோடு வந்தா ஷாக்கே கிடையாது. நெஞ்சமுக்கணும், அட்ரினலின் 1 மில்லிகிராம், மூணுலேர்ந்து அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை. கூடவே ஏன் நின்னுதுன்னு காரணம் தேடணும். சினிமால நேர்கோட்டுக்கு ஷாக் கொடுத்து ஹீரோ எழுந்து உக்காருவாரே, அந்த சீன் வந்தா இப்பல்லாம் மருமகனே "தப்பு"ங்கிறான்.

நெஞ்சமுக்குறது என்னமோ ஈஸின்னு நினைச்சுட்டிருந்தேன். நிமிஷத்துக்கு 100லேர்ந்து 120, ஆழம் குறைஞ்சது 5 சென்டிமீட்டர், 6-ஐத் தாண்டக் கூடாது, ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுசா மேல எழும்பி வரணும். முதல் நிமிஷத்துலயே எனக்கு மூச்சு வாங்கிடுச்சு. ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஆளை மாத்தணும்னு ஏன் சொல்றாங்கன்னு முட்டி வலிச்சப்ப புரிஞ்சது.

இந்தப் பாடப் புத்தகம் இருக்கே, அது நின்ன இடத்துல நிக்கிறதே இல்லை. 2005-ல 15 அமுக்கு 2 மூச்சுங்கிறது 30க்கு 2 ஆச்சு. 2010-ல முதல்ல மூச்சுங்கிறதை மாத்தி முதல்ல நெஞ்சமுக்குன்னாங்க. 2015-ல வாசோபிரசின்ங்கிற மருந்தைப் பட்டியல்லேர்ந்து தூக்கினாங்க. 2020-ல நம்ம அட்ரோபின். 2025-ல மறுபடி புது வழிகாட்டி. புது வெர்ஷன் வந்தா எங்களுக்கு பழையதை அழிச்சுட்டு இன்ஸ்டால் பண்ணினா முடிஞ்சது. அக்காவுக்கு அன்இன்ஸ்டால் பட்டனே இல்லை. அட்ரோபின் அளவை ஒரு துண்டுச் சீட்டுல "1" மட்டும் எழுதி ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டியிருந்தா. எங்க வீட்டுக்கு வந்த கேஸ்காரர் என்ன சார் இதுன்னு கேட்டார்.

மருந்தெல்லாம் நாலாவது நாளே சரியாயிடுச்சு. குரல்தான் வரலை. "அம்மா, அட்ரினலின் கொடுக்கலாமா?", "தம்பி, நிறுத்திட்டுப் பார்ப்பமா?" எல்லாமே கேள்விக்குறியில முடிஞ்சது. அம்மா விதிப்படி பதில் சொல்லாம தோசைத் திருப்பியோட நிப்பாங்க. தலகாணி செத்துப் போகும்.

இந்த நேரத்துல நான் சும்மா தேடிப் படிச்சதுல ரெண்டு விஷயம் கிடைச்சது. 1960-ல நெஞ்சமுக்குற முறையைப் பத்தி எழுதின மூணு பேர்ல கூவன்ஹோவன், நிக்கர்பாக்கர் ரெண்டு பேரும் டாக்டரே இல்லை, எலக்ட்ரிகல் இன்ஜினியருங்க. (நம்ம ஆளுங்க!) ரெண்டாவது அக்காவுக்கானது. 1960-கள்ல ஃபிலடெல்ஃபியாவுல லாரன்ஸ் மெல்ட்சர்ங்கிற டாக்டரும் ரோஸ் பின்னியோங்கிற நர்ஸும் ஒரு சிசியூ நடத்தினாங்க. டாக்டர் ஓடி வர்ற வரைக்கும் நோயாளி தாங்க மாட்டார், படுக்கை பக்கத்துலயே இருக்கிறது நர்ஸ், அதனால ஷாக்கை நர்ஸே கொடுக்கட்டும்னு பயிற்சி கொடுத்தாங்க. படிச்சுக் காட்டினேன்.

"அறுபது வருஷம் முன்னாடியேவா?"ன்னா. அப்புறம் பேசாம புத்தகத்தைப் புரட்டிக்கிட்டு இருந்தா.

திருப்பம்னு ஒண்ணு சொல்லணும்னா அது அம்மாவாலதான். ஒன்பதாவது நாளோ பத்தாவது நாளோ, ஷாக் கொடுக்கலாமான்னு அக்கா கேட்டதும் அம்மா ரெண்டு திருப்பியையும் டங்குன்னு கீழ வச்சுட்டாங்க. "ஏட்டி, அடுப்புல தோசை கருகுதுன்னா டாக்டரைக் கேட்டுட்டா அணைப்ப? என்னைய அதட்டுறப்ப மட்டும் குரல் நல்லா வருதுல்லா?"

அக்காவுக்குக் கோபம் வந்துடுச்சு. "சரி எடுங்க. 200 சார்ஜ் பண்ணுங்க. எல்லாரும் தள்ளி நில்லுங்க! தம்பி, கையை எடு. ஷாக். உடனே அமுக்கு, மானிட்டரைப் பார்க்காத!"

நான் பயந்து போய் அமுக்கின அமுக்குல தலகாணித் தையல் விட்டுடுச்சு. அதோட எல்லாம் சரியாயிடலை, அடுத்த நாளே மறுபடி "கொடுக்கலாமா" எட்டிப் பார்த்தது. ஆனா இப்ப அவளே நாக்கைக் கடிச்சுக்கிட்டு, "கொடுங்க"ன்னு திருத்திக்கிட்டா.

மறுதேர்வு அன்னிக்கு நானும் கூடப் போனேன். வெளிய டீக்கடையில நின்னு மூணு டீ. இருபது நிமிஷத்துல வந்துட்டா. முகத்துல ஒண்ணும் தெரியலை.

"என்னக்கா?"

"அட்ரோபின் ஒழுங்கா சொல்லிட்டேன். விஎஃப் வந்துது. எல்லாம் இங்கிலீஷ்லதான் போயிட்டிருந்தது. ஷாக் நேரத்துல 'எல்லாரும் தள்ளி நில்லுங்க'ன்னு தமிழ்ல கத்திட்டேன்டா."

"அய்யய்யோ. அப்புறம்?"

"டீம்ல ஒரு பொண்ணு ஒடிசாக்காரி. அவதான் முதல்ல நகர்ந்தா." அப்பத்தான் சிரிச்சா. இன்ஸ்ட்ரக்டர் ஒண்ணும் சொல்லலையாம். எல்லாரும் நகர்ந்தாங்களான்னு மட்டும் பார்த்தாராம். பொம்மை பொழச்சிடுச்சு.

கார்டு வந்தாச்சு. ரெண்டு வருஷம் செல்லும். ஃபீஸ்ல பாதி இன்னும் வரலை, கேட்டா அடுத்த மாசம்ங்கிறாங்க. இன்சார்ஜ் இன்டர்வியூவும் அடுத்த மாசம்தான்.

எனக்குத்தான் ஒரு தொந்தரவு மிச்சம். ஏசிஎல்எஸ்ல ஒரு விதி உண்டு. லீடர் சொன்ன உத்தரவை, செய்யறவங்க அப்படியே திருப்பிச் சொல்லணும், முடிச்சதும் முடிச்சேன்னு சொல்லணும். காதுல தப்பா விழுந்து மருந்து மாறிடக் கூடாதுன்னு. ரெண்டு வாரம் தோசைத் திருப்பியோட நின்ன அம்மாவுக்கு அது ரொம்பப் பிடிச்சுப் போச்சு. இன்னிக்குக் காலைல கடைக்குக் கிளம்பினேன்.

"ஏலே, கடலை மாவு அரை கிலோ, கொத்தமல்லி ஒரு கட்டு. திருப்பிச் சொல்லு."

"கடலை மாவு அரை கிலோ, கொத்தமல்லி ஒரு கட்டு."

"வாங்கினதும் போன் பண்ணு."