அம்மா பார்த்த நிலா

நிலாவைப் படம் பிடிப்பதற்காகக் கேமரா வாங்கினேன் என்று சொன்னால் சிரிக்காதீர்கள், வாசகர்களே. மளிகைக் கடைக் கணக்கு, பிள்ளைகளின் பஸ் கட்டணம் எல்லாம் போக மாதக் கடைசியில் கையில் என்ன மிஞ்சும் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தும் 2018-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஈப்போவிற்குப் போய், யாரோ வைத்திருந்து விற்ற கேமரா ஒன்றையும் 300 மில்லிமீட்டர் டெலி லென்ஸ் ஒன்றையும் வாங்கி வந்தேன். முக்காலியைக் கடைக்காரர் பாதி விலைக்குக் கொடுத்தார். அதில் ஒரு கால் சரியாகப் பூட்டாது.

காரணம் இருந்தது. ஜூலை 28-ஆம் தேதி விடியற்காலையில் முழுச் சந்திர கிரகணம் வரவிருந்தது. நம் நாட்டு நேரப்படி 3.30 முதல் 5.13 வரை, மொத்தம் 103 நிமிடம். இந்த நூற்றாண்டில் அதைவிட நீண்ட முழுச் சந்திர கிரகணம் கிடையாது. அதைப் படம் எடுத்து வகுப்பறைச் சுவரில் மாட்ட வேண்டும் என்பது என் ஆசை.

பழகிக்கொள்ள ஒரு மாதம் இருந்தது. ஜூன் 28, பௌர்ணமி. வாசலில் முக்காலியை நிறுத்தி, கேமராவை அதன் போக்கிலேயே விட்டுப் பொத்தானை அழுத்தினேன். வந்தது ஒரு வெள்ளைத் தட்டு. முயலும் இல்லை, பாட்டியும் இல்லை. ஓரமெல்லாம் பஞ்சு பிய்ந்தது போல் இருந்தது. பத்துப் படம் எடுத்தேன், பத்தும் அப்படியே.

உள்ளே போய் அம்மாவிடம் காட்டினேன். அம்மா முப்பது வருஷம் பால்மரம் சீவியவர். விடியுமுன்னே தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு காட்டுக்குப் போய்ப் பழகியவர். மரங்கள் இலை கொட்டும் மாதங்களில் நிலா வெளிச்சம் தரைவரை இறங்கும், விளக்கில்லாமலே வெட்டுக்கோடு தெரியும் என்று அடிக்கடி சொல்வார். எங்கள் வீட்டில் நிலாவை அவரைவிட அறிந்தவர் யாரும் கிடையாது.

"எல்லாம் கெட்டுப் போச்சும்மா" என்றேன்.

படத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். "எங்க கெட்டுப் போச்சு? நிலா இப்படித்தானப்பா இருக்கு. அச்சா எடுத்திருக்கே."

தாய்க்குத் தன் பிள்ளை செய்தது எதுவும் குறையாகத் தெரியாது என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போய்விட்டேன்.

என் தவறு என்ன என்பது சில நாள் கழித்துத்தான் விளங்கியது. நாம் நிற்பது இருட்டில். நிலா நிற்பது வெயிலில். பட்டப்பகலில் நம் தோட்டத்து மண்சாலையில் விழுகிற அதே சூரிய வெளிச்சம்தான் அங்கேயும் விழுகிறது. கேமரா சுற்றியுள்ள கறுப்பு வானத்தைப் பார்த்து, இருட்டாயிற்றே என்று ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்கிறது. நிலா வெந்து வெளுத்துப் போகிறது. ஆகவே நாமே கையால் வைக்க வேண்டும். பௌர்ணமி நிலாவுக்கு ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 11, ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு. இரவுக்கு இவ்வளவு குறைவான நேரமா என்று முதலில் எனக்கும் நம்பிக்கை வரவில்லை.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். படத்துக்குப் பௌர்ணமியைவிட அரைநிலாதான் ஏற்றது. பௌர்ணமியில் வெயில் நேராக விழுவதால் பள்ளம் மேடு தெரியாது. அரைநிலாவிலோ ஒளியும் இருளும் சந்திக்கிற கோட்டில் வெயில் சாய்ந்து விழும். ஒவ்வொரு பள்ளத்திற்கும் நிழல் இருக்கும்.

ஜூலை 20, வெள்ளிக்கிழமை மாலை. பூமத்திய ரேகைக்கு அருகில் இருக்கிற நமக்கு, அரைநிலா அந்தி நேரத்தில் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலே நிற்கும். கேமராவை நிமிர்த்தி வைத்துவிட்டு, அதன் அடியில் மண்டியிட்டு அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. கழுத்து இரண்டு நாள் வலித்தது. முக்காலி ஆடாமலிருக்க அம்மாவின் பழைய பால்வாளியில் கல்லைப் போட்டு நடுவில் தொங்கவிட்டேன். பொத்தானை விரலால் தொட்டாலே படம் அதிர்ந்துவிடும் என்பதால் பத்து விநாடி தாமதம் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். அரைநிலாவின் வெளிச்சம் முழுநிலாவின் வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்குதான், பாதி அல்ல. அதனால் எஃப் 8, ஐம்பதில் ஒரு விநாடி. நிலாவும் சும்மா இருக்காது. இரண்டு நிமிடத்தில் தன் அகலத்தளவு நகர்ந்துவிடும். ஒவ்வொரு முறையும் கேமராவைத் திருப்பி வைக்க வேண்டும்.

அன்றைக்குப் படம் விழுந்தது! 300 மில்லிமீட்டர் லென்ஸில் நிலா சட்டத்தின் உயரத்தில் ஆறில் ஒரு பங்குதான் வரும். ஆனாலும் பெரிதாக்கிப் பார்த்தால் குழிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. டாலமியஸ் என்று பெயரிட்ட குழி ஒன்று, 150 கிலோமீட்டருக்கு மேல் அகலம். ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்கு முக்கால்வாசி தூரம் என்று சொன்னால் உங்களுக்கு விளங்கும்.

அந்தக் குதூகலத்தில் ஓடிப்போய் அம்மாவிடம் நீட்டினேன். பார்த்தார். முன்பு எடுத்த படத்தையும் பக்கத்தில் காட்டச் சொன்னார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது பாதி நிலா, அது முழு நிலா. மத்தபடி ரெண்டும் ஒண்ணுதானே தம்பி?"

அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. அம்மா என்னை மெச்சுவதற்காகச் சொல்லவில்லை. அவர் கண்ணுக்கு நிலா அப்படித்தான் தெரிந்திருக்கிறது.

பிறகு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. ஊசியில் நூல் கோக்கப் பேரனைக் கூப்பிடுவார். அரிசியில் கல் பொறுக்குவதை மருமகளிடம் விட்டிருந்தார். அந்தி சாய்ந்தால் படியில் சுவரைப் பிடித்தே இறங்குவார். வயசு என்று நினைத்தேன். வகுப்பில் ஒரு பிள்ளை கரும்பலகையைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் அன்றைக்கே முன் பெஞ்சுக்கு மாற்றி, பெற்றோருக்குச் சொல்லி அனுப்புகிறவன் நான். லென்ஸ் வாங்க ஈப்போ வரை போனவன், வீட்டிலிருந்த கண்ணைப் பார்க்கவில்லை.

அரசாங்க மருத்துவமனையில் இரண்டு கண்ணிலும் புரை என்றார்கள். "எத்தனை வருஷமா இப்படிம்மா?" என்று டாக்டர் கேட்டார். "அது கொஞ்ச நாளாத்தான்" என்றார் அம்மா. செலவு வைக்கக்கூடாது என்று அவர் மறைத்தாரோ, அவருக்கே தெரியவில்லையோ, இன்றுவரை நான் கேட்கவில்லை. புரை ஒரேநாளில் வருவதில்லை, மெல்ல மெல்லத்தான் மூடும்.

கிரகணம் வந்தது. மேகத்தின் இடுக்கில் இரண்டு படம் தேறின, செம்புக் காசு போல். அவை இன்றும் வகுப்பறையில் இருக்கின்றன. கிரகணம் முற்றாக விலக 6.19 ஆனது. பெரட்டுக்குப் போனவர்கள் கடிபட்ட நிலாவைப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள். அம்மா எழுந்து வரவில்லை. "நீ பார்த்துச் சொல்லு" என்று படுத்துக்கொண்டார்.

டிசம்பர் பள்ளி விடுமுறையில் வலது கண்ணுக்கு அறுவை நடந்தது. மங்கிப்போன லென்ஸை எடுத்துவிட்டு, செயற்கை லென்ஸ் வைத்தார்கள். அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்பதால் தலைக்குக் குளிக்க முடியவில்லையே என்ற வருத்தம்தான் அம்மாவுக்குப் பெரிதாக இருந்தது.

2019 ஜனவரி 21, தைப்பூசம். கோயிலிலிருந்து திரும்பி வாசலில் நாற்காலி போட்டு அம்மாவை உட்கார வைத்தேன். செம்பனை மரங்களுக்கு மேலே நிலா ஏறியிருந்தது. வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கையால் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். மாற்றி அடுத்த கண்ணை மூடிப் பார்த்தார்.

"இந்தக் கண்ணுல பார்த்தா தேத்தண்ணிக் கறை மாதிரி இருக்குப்பா. இந்தக் கண்ணுல நீலம் போட்டு அலசின வேட்டி மாதிரி இருக்கு. உள்ளே கறுப்பு கறுப்பா திட்டு இருக்குதே, அதெல்லாம் முன்னே இருந்துச்சா?"

"எப்பவும் இருந்ததும்மா."

"ஆமா, இருந்துச்சு. காட்டுல போறப்ப பார்த்திருக்கேன்" என்றார்.

உள்ளே போய்க் கேமராவை எடுத்து வரலாமா என்று கேட்டேன். "பேசாம உட்காரு தம்பி" என்றார் அம்மா.