இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லையா?

“வீட்டிலேயே வைத்துப் பாருங்கள்” என்று பெரிய வைத்தியசாலையிற் கூறி அனுப்பிவிட்டால், அதன்பின் வைத்தியருக்கு வேலையில்லை என்றே எம்மவர் பலரும் எண்ணுகின்றனர். குடும்ப வைத்தியரின் வேலை அப்பொழுதுதான் ஆரம்பமாகிறது என்பதை, எமது அத்தானின் கடைசி இரண்டு மாதங்களில் நாம் நேரிற் கண்டோம்.

அத்தான் இளைப்பாறிய ஆசிரியர். கணையத்திற் புற்றுநோய். எமது ஊர் டாக்டரோ அவரிடம் கணக்குப் படித்தவர். மாலையில் டிஸ்பென்சரியைப் பூட்டிக்கொண்டு வருவார். ஊசி போடுவதற்கன்று, வலி எப்படி, நித்திரை எப்படி, மலம் போனதா என்று கேட்பதற்கு. வாய் உலர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். படுக்கைப்புண் உண்டோவென்று முதுகைத் திருப்பிப் பார்ப்பார்.

வைத்தியசாலையிற் கொடுத்தனுப்பிய மோர்பின் குளிசையைக் கண்டு அக்கா நடுங்கினார். அபினிலிருந்து எடுப்பதல்லவா, பழக்கமாகிவிடாதா என்பது அவர் அச்சம். இத்தகைய நோயாளியிடம் அளவறிந்து கொடுக்கும்போது அவ்வாறு நேர்வது அரிதென்றும், வலி வந்தபின் கொடாது மணி தவறாமல் வருமுன் கொடுப்பதே முறையென்றும், மலச்சிக்கலுக்குக் கூடவே மருந்து வேண்டுமென்றும் டாக்டர் பொறுமையாக விளக்கினார். இது அவருடைய சொந்த யுக்தியன்று. தாதியாயிருந்து 1957-ல் வைத்தியரான சிசிலி சோண்டர்ஸ் அம்மையார் இலண்டனில் வற்புறுத்திய முறை. 1986-ல் உலக சுகாதார ஸ்தாபனமும் இதனையே வழிகாட்டியாக வெளியிட்டது. மூன்றாம் நாளிரவு அத்தான் விடியுமட்டும் உறங்கினார்.

மருந்திலும் கடினமானதொன்றிருந்தது. நோயின் பெயரை அவர் காதிற் போடக்கூடாதென்பது அக்காவின் கட்டளை. (எத்தனை வீடுகளில் நோயாளியும் அறியாதவர்போல் நடித்துக்கொண்டிருக்கிறார்!) ஒருநாள் அத்தான் தாமே கேட்டார்.

“தம்பி, தைப்பொங்கலுக்கு நான் இருப்பேனோ?”

அக்கா கண்ணாற் சைகை காட்டினார். டாக்டர் கதிரையைக் கட்டிலருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“இருப்பீர்களென்று சொல்ல என்னால் ஏலாது, மாஸ்டர். அதற்குமுன் முடிக்கவேண்டிய அலுவல் ஏதும் இருக்கிறதோ?”

அத்தான் நெடுநேரம் முகட்டைப் பார்த்திருந்தார். பின்னர், காணி வழக்கினாற் பதினொரு வருடமாக முகம் பாராதிருந்த தமது தம்பியின் பெயரைச் சொன்னார். டாக்டரே தமது காரிற் சென்று அவரை அழைத்து வந்தார். சகோதரர் இருவரும் வழக்கைப்பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. தகப்பனார் வளர்த்த வண்டில் மாடுகளைப்பற்றியே பேசினர்.

பொங்கலுக்கு ஆறு நாள் முன்னர் அத்தான் காலமானார். அந்தியேட்டி முடிந்த மறுநாள் மாலை, டாக்டரின் கார் மீண்டும் வந்து நின்றது. யாருக்கு வருத்தம் என்று நாம் திகைத்தோம். அவர் வந்தது அக்காவைப் பார்க்க. இரத்த அழுத்தத்தை அளந்தார். இரண்டு மாதமாக அக்கா தமது குளிசையைத் தொடவேயில்லை என்பதைக் கேட்டறிந்து, எம் முன்னிலையில் ஒன்றை விழுங்கவைத்த பின்னரே தேநீருக்கு இசைந்தார்.