டீசல் புல்லட்



"டீசல்ல ஓடுற புல்லட் நெசமாவே இருந்துச்சா சார்?" என்று பழைய மாணவன் ஒருவன் போனில் கேட்டான். இருந்ததப்பா. எங்கள் பெரியப்பா மகன், நாங்கள் பெரியண்ணன் என்று கூப்பிடுபவர், திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் அதில்தான் வயலுக்குப் போய்வந்தார்.

புல்லட் பிறந்தது இங்கிலாந்தில், ரெட்டிச் என்ற ஊரில். 1955இல் ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. தொழிற்சாலை திருவொற்றியூரில். ரெட்டிச் ஆலை 1967இல் மூடப்பட்டது. நம்மிடம் மட்டும் அதே வண்டி, வலது காலில் கியர், இடது காலில் பிரேக் என்று மாறாமல் வந்துகொண்டிருந்தது.

அந்தப் பழைய சட்டத்தில்தான் 1990களில் டீசல் என்ஜினை ஏற்றினார்கள். டாரஸ் என்று பெயர். கிரீவ்ஸ் லம்பார்டினி என்ஜின், 325 சிசி, ஒற்றை சிலிண்டர், 6.5 குதிரைச் சக்தி. பெட்ரோல் புல்லட்டின் சக்தியில் பாதிகூடக் கிடையாது. விவசாய வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். பம்புசெட்டில் ஓடுகிற அதே ரகம்!

டீசல் என்ஜினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது என்று பத்தாம் வகுப்பில் படம் போட்டேனே, நினைவிருக்கிறதா? காற்றை இறுக்கி அமுக்குவதால் வரும் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும். அப்படி அமுக்குகிற என்ஜினுக்குச் சுவர்கள் தடிமனாக இருக்க வேண்டும், எடை கூடும், அதிர்வும் கூடும். வேகம் 65க்கு மேல் போகாது. ஆனால் அன்று டீசல் விலை பெட்ரோலில் பாதிதான். அண்ணன் கணக்கில் லிட்டருக்கு 70 கிலோமீட்டர். பம்புசெட்டுக்கு வாங்கிவரும் கேனிலிருந்தே வண்டிக்கும் ஊற்றிக்கொள்வார். பின்னால் ஒரு மூட்டை நெல் இருந்தாலும் வண்டி முனகாது. ரோட்டுக்கு அது சோம்பேறி வண்டி. வரப்போரத்துக்கு அதைவிடப் பொருத்தமான வண்டி இல்லை என்பது என் கட்சி.

புகைக் கட்டுப்பாடு விதிகள் இறுகியபோது அதற்கு மாற்று வழி இருக்கவில்லை. 2000 வாக்கில் தயாரிப்பு நின்றது. பத்து வருஷம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை.

2002ஐ நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஜூன் 12இல் மேட்டூர் திறக்கவில்லை. குறுவை போயிற்று. சம்பாவாவது பார்ப்போம் என்று அண்ணன் பில்டர் பாயிண்ட் தண்ணீரை நம்பி நாற்றங்கால் விட்டார். விட்ட பத்தாம் நாள் பம்பு என்ஜினின் கிராங்க் முறிந்தது. புது என்ஜினுக்குக் கையில் காசில்லை. நாற்று நுனி கருகத் தொடங்கிவிட்டது. அண்ணன் மெக்கானிக்கை வீட்டுக்கே வரவழைத்து, வண்டியைக் காட்டி, "இதைக் கழட்டு" என்றார். அண்ணிதான், "ஆசையா வாங்குன வண்டிங்க" என்றார்கள். அவர் பதில் சொல்லவில்லை. ராத்திரி பதினொரு மணிக்குப் பம்பு ஓடியது. வாய்க்காலில் தண்ணீர் வரும்வரை அதுதான் நாற்றைக் காத்தது.

அந்த என்ஜின் பிறகு வண்டிக்குத் திரும்பவே இல்லை. அண்ணன் கடைசிவரை டிவிஎஸ் 50இல்தான் போனார்.

அவர் போய் ஆறு வருஷமாகிறது. ஆர்.சி. புத்தகம் இன்னும் அவர் பெயரில் இருக்கிறது. சாஸி நம்பர் மாட்டுக்கொட்டகையில், என்ஜின் நம்பர் வயலில்! ஆர்.டி.ஓ. ஆபீஸில் இருக்கும் நம் பிள்ளைகள் யாராவது, இதைத் தன் பெயருக்கு மாற்ற அண்ணிக்கு ஒரு வழி சொல்லுங்கள். விற்பதற்கு இல்லை.