இரவு ஷிப்ட் முகங்களுக்கு எந்த டெவலப்பர்?

தண்டலத்தில் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்பவர்களைத்தான் நான் படமெடுக்கிறேன். நெடுஞ்சாலை விளக்கு தலைக்கு மேலிருந்து விழும். நெற்றியும் மூக்கும் துலங்கும், கண்கள் குழிக்குள் போய்விடும். ஃபிளாஷ் அடித்தால் அந்த இரவே கலைந்துபோகும். ஆகவே 400 வேகமுள்ள எச்பி5 பிளஸ் ஃபிலிமை 1600 என்று கணக்கிட்டு எடுக்கிறேன். கழுவும்போது நேரத்தைக் கூட்டி ஈடுகட்ட வேண்டும். இதைத்தான் புஷ் என்கிறோம்.

எனக்குக் கழுவக் கற்றுத்தரும் அண்ணன் ஸ்டூடியோக்காரர் அல்ல. ஒரகடம், இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் வெல்டிங் இணைப்புகளை எக்ஸ்ரே எடுத்துச் சோதிக்கும் வேலையில் இருட்டறையில் நின்றவர். அந்த எக்ஸ்ரே டெவலப்பர் வீரியமானது, விலையும் குறைவு. அதையே ஊற்றினால் என்ன என்று கேட்டேன். பழைய வெல்டிங் ஃபிலிம் ஒன்றை விளக்குப் பெட்டியில் வைத்துக் காட்டினார். அதன் அடர்த்தி 2க்கும் 4க்கும் இடையில் இருக்க வேண்டும். அடர்த்தி 2 என்றால் விழும் ஒளியில் நூறில் ஒரு பங்குதான் ஊடுருவும். "இந்தக் கறுப்புக்குள்ளதான் விரிசலைத் தேடுவோம் தம்பி. உன் நெகட்டிவ்ல நெத்தி இவ்வளவு கறுத்தா பேப்பர்ல வெறும் வெள்ளைதான் விழும்."

அதற்குப் பிறகுதான் விஷயத்துக்கே வந்தோம். நிழலில் என்ன பதிவாகும் என்பதைப் படமெடுக்கும்போது விழுந்த ஒளியே பெரும்பாலும் தீர்மானித்துவிடுகிறது. கழுவும் நேரத்தைக் கூட்டினால் நெற்றி வேகமாக ஏறும், கண்குழி மெல்லத்தான் நகரும். ஆகவே புஷ்ஷுக்கு நிழலைக் கொஞ்சமாவது தூக்கும் டெவலப்பர் வேண்டும். 1891இல் வந்த ரோடினால் விளிம்புகளைக் கூர்மையாக்கும், ஆனால் நிழலைக் கைவிட்டுவிடும். பெர்செப்டால் மென்மையான கிரெயின் தரும், அதற்கு விலையாக ஃபிலிமின் வேகத்தையே குறைக்கும். இரண்டும் எனக்கு ஆகாது.

மிஞ்சியவை இரண்டு. ஒன்று 1927 முதல் இருக்கும் டி-76. லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100, ஹைட்ரோகுயினோன் 5, போராக்ஸ் 2. தராசு இருந்தால் நாமே கலக்கலாம். கிட்டத்தட்ட இதே கலவைதான் இல்ஃபோர்டின் ஐடி-11. அதில் 1600க்கு 20 டிகிரியில் 14 நிமிடம். மற்றொன்று மைக்ரோஃபென், 11 நிமிடம். இதில் மெட்டாலின் இடத்தில் ஃபெனிடோன் இருக்கிறது. ஃபிலிம் கழுவக் கழுவ அதிலிருந்து புரோமைடு வெளியேறி டெவலப்பரை அடக்கும். மெட்டால் அதற்குச் சீக்கிரம் பணிந்துவிடும். ஃபெனிடோன் அவ்வளவு எளிதில் பணியாது. நீண்ட நேரக் கழுவலில் நிழலுக்குக் கிடைக்கும் அந்த அரை ஸ்டாப்பில்தான் கண்ணிமை தெரிகிறதா இல்லையா என்பதே இருக்கிறது. எனக்கு அது போதும். (எக்ஸ்டாலும் நல்லதுதான். ஆனால் அது கெட்டுப்போனாலும் நிறம் மாறாது. ஊட்டியில் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த 'இந்து' சுருள்கள் நின்றுபோய், இறக்குமதி ஃபிலிமை நம்பியிருக்கும் காலத்தில் அந்தத் துணிச்சல் எனக்கு வராது.)

இதற்கெல்லாம் மேலே தண்ணீர். கோடையில் இங்கே குழாய்த் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் ஜெலட்டின் இளகும், மூட்டம் படியும். பக்கெட்டில் ஐஸ் போட்டு 24க்கு இறக்கி, ஹைப்போவையும் கழுவும் தண்ணீரையும் அதே சூட்டில் வைக்கிறோம். 24இல் நேரம் மூன்றில் ஒரு பங்கு குறையும். சாதாரண 400க்கு மைக்ரோஃபெனில் ஆறரை நிமிடம். அது நாலரை ஆகிவிடும், 5க்குக் கீழே போனால் திட்டுத்திட்டாக வரும். 1600க்கான 11 நிமிடமோ ஏழரையில் நின்று தப்பிக்கிறது. நம் ஊர் வெயிலில் புஷ் செய்வதே பத்திரம் என்று இந்தக் கணக்கைப் போட்டபோதுதான் புரிந்தது. டேங்கை நிமிடத்துக்கு ஒருமுறைதான் கவிழ்க்கச் சொல்கிறார் அண்ணன். அதிகம் குலுக்கினால் விளக்கு விழுந்த நெற்றிதான் முதலில் கெட்டுப்போகும்.

3200க்கு மைக்ரோஃபெனில் 16 நிமிடம் என்கிறது இல்ஃபோர்டின் அட்டவணை. அண்ணன் இன்னும் சம்மதிக்கவில்லை. "மார்கழி வரட்டும். தண்ணி தானா குளிரும், அப்போ பார்ப்போம்" என்கிறார்.