பத்தமடையில் ஒரு பாய்

அக்கா பேத்திக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. சீர்ச் சாமான் பட்டியலில் பாய் என்று எழுதிய அக்கா, "பஜாரில் பிளாஸ்டிக் பாய் கலர் கலராகக் கிடைக்கிறதே, அதுவே போதும்" என்றாள். எனக்கு மனசு கேட்கவில்லை. எங்கள் அம்மாவின் கல்யாணத்துக்கு வாங்கிய பத்தமடைப் பாயில்தானே நாங்கள் எல்லோரும் படுத்து வளர்ந்தோம்! "நானே போய் வாங்கி வருகிறேன்" என்று கிளம்பிவிட்டேன்.

திருநெல்வேலியிலிருந்து சேரன்மகாதேவி போகும் வழியில் இருக்கிறது பத்தமடை. சுவாமி சிவானந்தர் 1887-ல் பிறந்த ஊர். 1953-ல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்கு இங்கிருந்து பாய் போனதை ஊரில் இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள்.

விசாரித்துக்கொண்டு ஒரு வீட்டுக்குப் போனேன். இங்கே பாய் முடைகிறவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் பெண்கள். திண்ணையை ஒட்டித் தரையோடு தரையாகத் தறி. ஒரு பெண் நீண்ட குச்சியில் கோரையைக் கோத்துப் பாவுக்குள் செலுத்த, வயதான அம்மாள் அச்சை இழுத்து அடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்கம்மா, எங்கேருந்து வாரிய?" என்று முகம் மலர வரவேற்றார். பட்டுப் பாய் ஒன்றை மடித்துக் காட்டினார். துணி மாதிரி மடிகிறது! விலையைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கொஞ்சம் குறைத்துச் சொல்லுங்களேன்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "ஆத்தங்கரைக் கோரையக் காயப் போடணும், தண்ணியில நாள் கணக்கா ஊறப் போடணும். அப்புறம் மயிரிழையாக் கிழிச்சு, சாயம் ஏத்தி, ரெண்டு பேரு வாரக் கணக்கா ஒக்காரணும். கூலியப் பங்கு போட்டா என்னம்மா மிஞ்சும்? எம் பேத்தி தறியில ஒக்கார மாட்டேங்கா. அவளச் சொல்லிக் குத்தமில்ல."

எனக்குச் சுருக்கென்றது. பெரிய கடையில் ஒட்டியிருக்கும் விலையை வாய் பேசாமல் கொடுத்துவிட்டு வருகிறோம். தறியில் உட்கார்ந்தவளிடம் மட்டும் பேரம் பேசுகிறோமே! சொன்ன விலைக்கே முன்பணம் கொடுத்தேன்.

"பொண்ணு மாப்பிள்ளை பேரப் பிழையில்லாம எழுதித் தாங்க. கல்யாணத் தேதியும் போட்டுருதேன்" என்றவர், பெண் என்ன படித்திருக்கிறாள், எந்த ஊரில் வாழப் போகிறாள் என்று சொந்தப் பாட்டி போலக் கேட்டுக்கொண்டார்.

பாய் சொன்ன நாளில் வந்தது. மணமக்கள் பெயரைப் பார்த்துச் சம்பந்தி வீட்டார் அசந்து போனார்கள். முகூர்த்தத்துக்கு மறுநாளே போன்! "புள்ளைகளுக்குப் பாய் பிடிச்சிருந்துச்சாம்மா?" கடையில் பாய் வாங்கியிருந்தால் இப்படி யார் கேட்கப் போகிறார்கள்?

உங்கள் வீட்டிலும் கல்யாணம் வருகிறதா? பெயர் போட்ட பாய் வேண்டுமானால் இரண்டு மூன்று மாதம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். பாயைத் தண்ணீரில் ஊற வைக்காதீர்கள். ஈரத் துணியால் துடைத்து நிழலில் உலர்த்திச் சுருட்டி வையுங்கள். பத்தமடை தூரமென்றால் உங்கள் ஊரிலேயே கூடை முடைகிறவள், பானை வனைகிறவர் இருப்பார்கள். நேரில் போய் வாங்குங்கள். அந்த அம்மாளின் பேத்தி ஒருநாள் தறியில் உட்காருவதும் உட்காராததும் நம் கையிலும்தான் இருக்கிறது.