தங்கையின் கேசட்

ராக் இசையைப் பற்றி எதை வாசிக்கலாம் என்று மாணவி ஒருத்தி கேட்டாள். ஐந்து புத்தகங்களை எழுதிக் கொடுத்தேன். பார்த்துவிட்டு, "எழுதினவங்க எல்லாருமே ஆம்பிளைங்களா மேடம்?" என்றாள். தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

அதில் முதலில் இருந்தது கிரீல் மார்கஸின் 'மிஸ்டரி டிரெயின்' (1975). ஒரு பாட்டுக்குள் ஒரு தேசத்தின் வரலாற்றையே கேட்க முடியும் என்று இருபது வயதில் எனக்குச் சொன்ன புத்தகம். ஹார்மோனிகா ஃபிராங்க், ராபர்ட் ஜான்சன், தி பேண்ட், ஸ்லை ஸ்டோன், ராண்டி நியூமன், எல்விஸ் பிரெஸ்லி என்று தனித்தனி அத்தியாயங்கள். ஒரு பெண்ணுக்கும் அத்தியாயம் இல்லை. அன்று எனக்கு அது உறைக்கவே இல்லை.

அதோடு போகவில்லை. கித்தார் கனமானது, ஆட்டப் பாட்டு லேசானது, ரசிகன் கத்தினால் கலகம், ரசிகை கத்தினால் பைத்தியம் என்ற தராசை இத்தகைய வாசிப்பிலிருந்துதான் எடுத்துக்கொண்டேன். தங்கை, கடையில் பதிந்து வாங்கிய மடோனா கேசட்டைப் போட்டால், "இதெல்லாம் ஒரு பாட்டா?" என்பேன். கொஞ்ச நாளில் அவள் கூடத்தில் பாட்டுக் கேட்பதையே விட்டுவிட்டாள். அப்பா அம்மா யாரும் தடுக்கவில்லை. நான்தான்.

'ரோலிங் ஸ்டோன்' இதழை நிறுவியவர்களில் ஒருவரான ஜான் வென்னர் 2023இல் 'தி மாஸ்டர்ஸ்' என்ற நேர்காணல் தொகுப்பைக் கொண்டுவந்தார். ஏழு பேர், ஏழு பேரும் வெள்ளை ஆண்கள். ஏன் என்று 'நியூயார்க் டைம்ஸ்' கேட்டதற்கு, பெண் கலைஞர்கள் அந்த அறிவுத் தளத்தில் பேசவல்லவர்கள் அல்லர் என்ற பொருளில் பதில் சொன்னார். ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் நிர்வாகக் குழுவிலிருந்து அவரை நீக்கினார்கள். எனக்கோ அந்தப் பதிலில் என் பழைய குரல் கேட்டது.

புதிய தாளில் முதல் பெயர் எல்லன் வில்லிஸ். 1968இல் 'நியூயார்க்கர்' இதழின் முதல் பாப் இசை விமர்சகரானவர். 'அவுட் ஆஃப் தி வினைல் டீப்ஸ்' என்ற அவருடைய தொகுப்பு வெளிவந்தது 2011இல், அவர் இறந்த பிறகு. ஆண் பெண்ணைப் பற்றிப் பாடும் பாட்டில் இருவரையும் இடம் மாற்றிப் பாருங்கள் என்கிறார். ரோலிங் ஸ்டோன்ஸின் 'அண்டர் மை தம்' திமிரை ஒரு பெண்ணும் பாடிவிடலாம். பிரிந்து போகிறவளிடம் உலகம் பொல்லாதது என்று இரக்கப்படும் கேட் ஸ்டீவன்ஸின் 'வைல்ட் வேர்ல்ட்'தான் இந்தச் சோதனையில் தேறாது. வில்லிஸுக்கும் சாய்வு உண்டு, டிலன்மீதும் ஸ்டோன்ஸ்மீதும். அதை மறைக்காததால் அவரோடு நன்றாகச் சண்டை போடலாம்.

அடுத்து, தி ஸ்லிட்ஸ் குழுவின் கித்தார் கலைஞர் விவ் ஆல்பர்டைனின் தன்வரலாறு (2014). பங்க் காலத்தோடு நிற்காமல், குழந்தைக்காகப் பெற்ற சிகிச்சைகள், புற்றுநோய், பல வருடம் கழித்து மறுபடி கித்தாரைத் தொட்டது வரை போகிறது. மூன்றாவது ஜெசிகா ஹாப்பர்: 'உயிரோடிருக்கும் பெண் ராக் விமர்சகரின் முதல் விமர்சனத் தொகுப்பு' என்றே 2015இல் தன் நூலுக்குப் பெயர் வைத்தவர். தலைப்பே வழக்குத் தொடுக்கிறது.

மார்கஸை நீக்க மனம் வரவில்லை. நான்காவதாக எழுதினேன்.

அன்றிரவு தங்கைக்குப் போன் செய்து, அந்த மடோனா கேசட் இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன்.

"அது மேலயே வேற பாட்டு பதிஞ்சுட்டேன்க்கா, அப்பவே," என்றாள். "உனக்குப் பிடிச்ச பாட்டுதான்."