கல்லு எதுவும் வரலைங்க

சின்ன வெங்காயம் பறிப்பு பத்தி எழுதுறேன்னு போன தடவை சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரத்துக்கு இருக்கட்டும். இன்னைக்கு வேற ஒண்ணு எழுத வேண்டி இருக்கு. ரெண்டு நாளா எழுதுறதும் அழிக்கிறதுமா இருக்கேன்.

எங்க ஊர் சேந்தமங்கலத்துக்கும் கொல்லிமலை அடிவாரத்துக்கும் நடுவுல இருக்குன்னு வழக்கமா படிக்கிறவங்களுக்குத் தெரியும். காட்டுல நின்னு நிமிந்தா மலைதான். போன ஞாயித்துக்கிழமை வெங்காயம் பறிக்க ஆள் சொல்லிட்டு வரலாம்னு எக்ஸெல் வண்டியை எடுத்துக்கிட்டு காரவள்ளி போனேன். மலை ஏறுற ரோடு அங்கதான் ஆரம்பம். ஆள் வீட்டுல இல்லை, அரை மணி நேரத்துல வந்துடுவாருன்னு சொன்னாங்க. சரின்னு டீக்கடையில உக்காந்தேன்.

ஞாயித்துக்கிழமைன்னா அந்தக் கடையில நம்ம ஆளுக்கு இடம் கிடைக்காது. சேலம், ஈரோடு, பெங்களூருன்னு எங்கெங்க இருந்தோ பைக்குல வந்து இறங்குவாங்க. முட்டிக்கு ஒரு கவசம், முழங்கைக்கு ஒரு கவசம், பூட்ஸு. முதல்ல எல்லாம் எனக்குச் சிரிப்பா வரும். காலையில 4 மணிக்கு எந்திரிச்சு பெட்ரோல் போட்டு இவ்வளவு தூரம் வந்து ஒரு டீ குடிச்சிட்டுப் போறதுக்கா இதெல்லாம்னு நினைப்பேன். ஆனா அவங்க பேசுறதைக் கேக்க எனக்குப் பிடிக்கும். சந்தைக்குப் போயிட்டு வந்து நாம விலை பேசுற மாதிரிதான் அவங்க ரோடு பேசுறாங்க.

அன்னைக்கு அஞ்சு பேர் இருந்தாங்க. மலைக்குப் போயிட்டு இறங்கி வந்தவங்க. பேச்சு வளைவுக் கணக்குல போயிட்டு இருந்தது. ஏற்காடு 20, திம்பம் 27, கல்லட்டி 36, வால்பாறை 40, இங்க 70. ஒவ்வொண்ணும் போயிட்டு வந்தவங்கதான். ஒரு தம்பி லடாக் வரைக்கும் போயிருக்கார். கர்துங் லா கணவாயில வண்டி மூச்சு வாங்குன கதையைச் சொன்னார். அவ்வளவு உயரத்துல காத்து மெலிசா இருக்குமாம். மனுஷனுக்குத் தலைவலி, வண்டிக்கு இழுவை இல்லை. தோல் ஜாக்கெட் போட்டுக்கிட்டு ரோட்டோரம் உக்காந்து அழுதேன்னு சொல்லிட்டுச் சிரிச்சார். போக வர ஏழாயிரம் கிலோமீட்டர் ஆச்சாம்.

என்னைப் பார்த்து, "அய்யா, நீங்க எவ்வளவு தூரம் ஓட்டியிருப்பீங்க?"ன்னு கேட்டார்.

நான் மனசுக்குள்ள கணக்குப் போட்டேன். பால் சொசைட்டி எங்க வீட்டுல இருந்து 2 கிலோமீட்டர். போக வர நாலு. காலையும் சாயங்காலமும் சேர்த்தா ஒரு நாளைக்கு எட்டு. 25 வருஷமா ஊத்துறேன். "73,000 கிலோமீட்டர் தம்பி. ஆனா ஊரைத் தாண்டல"ன்னேன். அஞ்சு பேரும் சிரிச்சாங்க. கேலியா இல்லை, நல்லாத்தான் சிரிச்சாங்க. லடாக் தம்பி எழுந்து கை குடுத்தார். எனக்கும் கொஞ்சம் பெருமையா இருந்ததுன்னு சொல்லணும்.

அந்த நேரத்துலதான் மலையில இருந்து ஒரு பைக் இறங்குச்சு.

சத்தமே இல்லை. காத்து கிழிக்கிற மாதிரி ஒரு 'உஸ்'ஸு மட்டும். ரோட்டோரமா நாலு ஆட்டை ஓட்டிக்கிட்டு ஒரு பாட்டி போயிட்டு இருந்துச்சு. பின்னாடி வண்டி வர்றது அதுக்குத் தெரியவே இல்லை. ஆடு ஒண்ணு நடு ரோட்டுக்குத் தாவ, பைக் ஒடிச்சுத் திருப்பி, பின் சக்கரம் இழுத்து, எப்படியோ நிமிந்து போயிடுச்சு. பாட்டி அங்கயே உக்காந்துடுச்சு.

"எவன்டா அவன், இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு இறங்குறான்? ஒரு நாள் கொண்டுபோய் விடப் போறான்"னாரு கூட்டத்துல வயசுல பெரியவர் ஒருத்தர். சேலத்துக்காரர், நாப்பத்தஞ்சு வயசு இருக்கும்.

சிவப்பு வண்டி. டேங்குல அய்யனார் ஸ்டிக்கர். அது என் பையன். நான் எதுவும் பேசல. டீ கிளாஸைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்.

சேலத்துக்காரர் சொல்லிக்கிட்டே போனார். அவர் முதல் தடவை கல்லட்டி இறங்குனப்போ பிரேக்கையே மிதிச்சு மிதிச்சு இறங்கி, பாதியில தீயுற வாசம் வந்து, வண்டியை ஓரங்கட்டி அரை மணி நேரம் ஆற விட்டாராம். அன்னைக்குத்தான் கத்துக்கிட்டாராம். கியர்ல போட்டு ஆக்சிலேட்டரை விட்டுட்டா சக்கரம் இன்ஜினைச் சுத்த வேண்டி வரும், இன்ஜின் அதைப் பிடிச்சு இழுக்கும், பாதி பிரேக் வேலையை அதுவே பாத்துக்கும். நியூட்ரல்ல விட்டா மொத்த பாரமும் பிரேக் மேலதான். இன்னொண்ணும் சொன்னார். சாவியை ஆஃப் பண்ணினா ஏபிஎஸ்ஸுக்குக் கரண்ட் போகாது, அதுவும் வேலை செய்யாது. காசு மிச்சம்னு நினைக்கிறாங்களே, இப்ப வர்ற இன்ஜெக்‌ஷன் வண்டியில இறக்கத்துல கியர்ல இருந்து ஆக்சிலேட்டரை முழுசா விட்டா பெட்ரோல் போறதையே அது நிறுத்திடும். ஆஃப் பண்ணி மிச்சம் பண்றதுக்கு அங்க ஒண்ணும் இல்லைன்னார்.

அதைக் கேட்டதும் எனக்கு வாய் அடங்கல. "அது என் பையன்தாங்க. அப்படி இறங்கச் சொல்லிக் குடுத்ததே நான்தான்"னேன்.

யாரும் ஒண்ணும் பேசல. அப்புறம் நான் அவங்ககிட்ட சொன்னதைத்தான் இங்கயும் எழுதுறேன். எங்க ஊர்க்காரங்களும் படிக்கிறாங்க, படிக்கட்டும்.

2004-ஆம் வருஷம், ஆனி மாசம். அப்ப எங்கிட்ட செகண்ட் ஹேண்டுல வாங்குன ஹீரோ ஹோண்டா சிடி 100 இருந்தது. நானும் வீட்டுக்காரியும் மலைக்குப் போயிட்டு ரெண்டு பலாப்பழம் வாங்கி, சாக்குல போட்டு வண்டிக்கு ரெண்டு பக்கமும் கட்டிக்கிட்டு இறங்குறோம். அந்தக் காலத்துல இறக்கம்னாலே சாவியை ஆஃப் பண்ணி நியூட்ரல்ல விடுறதுதான் எங்க வழக்கம். பெட்ரோல் லிட்டர் 35 ரூபாயைத் தாண்டியிருந்தது. மலை முழுக்க இறங்குனா 15 ரூபாய் மிச்சம் ஆகும்னு என் கணக்கு. பையன் சின்னதுல இருந்து டேங்க் மேல உக்காந்து வருவான். "அப்பா, வண்டி தூங்குதாப்பா?"ன்னு கேப்பான். "ஆமாடா, இறக்கத்துல வண்டிக்கு லீவு"ன்னு சொல்லுவேன். நல்லவேளை, அன்னைக்கு அவனைப் பாட்டி வீட்டுல விட்டுட்டுப் போயிருந்தோம்.

40-ஆவது வளைவு கிட்ட வீட்டுக்காரி சொன்னா, "ஏனுங்க, ஏதோ தீயுற மாதிரி வாசம் வருது. கொஞ்சம் நிறுத்துங்க." நான், "பலாப்பழ வாசம் உனக்குத் தீயுற வாசமா இருக்கா?"ன்னு கிண்டல் பண்ணினேன். எனக்கும் வாசம் வந்தது. அது பிரேக் லைனிங்னும் தெரியும். எங்க மாமா நாமக்கல்ல லாரி ஓட்டுனவர். ஏறுன கியர்லயே இறங்குடான்னு எத்தனையோ தடவை சொல்லியிருக்கார். தெரிஞ்சும் நிறுத்தல. பொண்டாட்டி சொல்லி நிறுத்தணுமாங்கிற திமிருன்னுதான் இப்பத் தோணுது.

12-ஆவது வளைவுல மிதிச்சேன், மிதி உள்ள போகுது, வண்டி அடங்கல. முன் பிரேக்கும் அப்படித்தான். கியர்ல போட்டு கிளட்சை விட்டிருந்தா ஒருவேளை பிடிச்சிருக்கும். அந்த நேரத்துல புத்தி வேலை செய்யல. 9-ஆவது வளைவுல பள்ளத்துப் பக்கம் போகாம மலைப்பக்க ஓடையில விட்டேன். அது ஒண்ணுதான் நான் ஒழுங்கா செஞ்சது. எனக்கு முட்டியில சிராய்ப்பு. அவ கையை ஊனி விழுந்ததுல வலது மணிக்கட்டு ரெண்டா ஒடைஞ்சு போச்சு.

வண்டியைத் தூக்க ஓடி வந்தவங்க என்னாச்சுன்னு கேட்டாங்க. "மேல இருந்து கல்லு உருண்டு வந்துச்சுங்க"ன்னு வாயில வந்துடுச்சு. அவ என்னை ஒரு பார்வை பார்த்தா. அவ்வளவுதான். ஆஸ்பத்திரியிலயும் கல்லு, ஊர்லயும் கல்லு. யார் கேட்டாலும் அவளும் கல்லுன்னுதான் சொன்னா. ஒன்றரை மாசம் மாவுக்கட்டு. கை கூடுச்சு, ஆனா நேரா கூடல. இன்னைக்கும் வலது கைக்குப் பிடி வராது. அவ இடது கையாலதான் பால் கறக்குறா. எங்க மாடுங்களும் அதுக்குப் பழகிடுச்சு.

இவ்வளவையும் கேட்டுட்டு சேலத்துக்காரர், "அண்ணா, நாங்க வாராவாரம் எவ்வளவோ கதை பேசுறோம். ஏறுன கதையும் போட்டோவும்தான் அதுல இருக்கும். விழுந்த கதையை எவனும் முழுசா சொல்றதில்லை. நீங்க இதை எங்களுக்குச் சொன்னதை விட உங்க பையனுக்குச் சொல்லணும்"னார். வெங்காயத்துக்கு ஆள் சொல்ல வந்ததையே மறந்துட்டு வீட்டுக்கு வந்துட்டேன்.

ராத்திரி சாப்பிடும்போது பேச்சை எடுத்தேன். காலையில பாட்டி மேல ஏத்தப் பார்த்தியேன்னு ஆரம்பிச்சேன். அவன், "ஆடுதாம்பா குறுக்க வந்துச்சு"ன்னான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. நான் சொன்ன கல்லுதான் இவனுக்கு ஆடா வந்திருக்கு.

"அன்னைக்குக் கல்லு எதுவும் வரலடா"ன்னேன். எல்லாத்தையும் சொன்னேன். அவ தீயுற வாசம்னு சொன்னதையும், நான் கிண்டல் பண்ணினதையும் சேர்த்துத்தான். பையன் தட்டுல கை வெச்சபடி அம்மாவைப் பார்த்தான். அவ ரசம் ஊத்திக்கிட்டே சொன்னா, "எங்கம்மா சாகுற வரைக்கும், நீ ஒழுங்கா உக்காந்திருந்தா அவரு சமாளிச்சிருப்பாருன்னு என்னையேதான் திட்டுச்சு. அதுகிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

நான் என்னத்தைச் சொல்றது. மாமியார் போய் ஆறு வருஷம் ஆச்சு. அவங்க இவளைத் திட்டுனது எனக்குத் தெரியாது. இவ சொன்னதே இல்லை. கை போனது மட்டும் இல்லாம பழியும் அவ மேலயே விழுந்திருக்கு, 15 ரூபாய்க்கு.

புதன்கிழமை சாயங்காலம் பையன் வேலை முடிஞ்சு வந்து, "வாங்கப்பா, ஒரு நடை போயிட்டு வரலாம்"னு கூப்பிட்டான். அவன் பைக்குல பின்னாடி உக்காந்து போனேன். 20-ஆவது வளைவு வரைக்கும் ஏறித் திரும்பி இறங்குனோம். ரெண்டாவது கியர்லயே இறக்கினான். ஒவ்வொரு வளைவுக்கும் ஹார்ன். மேல ஏறி வந்த வண்டிக்கு நின்னு வழி விட்டான். இன்ஜின் கடகடன்னு சத்தம் போட்டுக்கிட்டே வந்தது, பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட்டதோட சரி. 9-ஆவது வளைவுல நிறுத்தச் சொன்னேன். அங்க பார்க்க ஒண்ணும் இல்லை. பாறை, ஓடை, ரெண்டு குரங்கு. "இங்கயாப்பா?"ன்னான். "இங்கதான்"னேன். கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்துட்டோம்.

நான் இல்லாதப்போ அவன் எப்படி இறங்குவான்னு எனக்குத் தெரியாது. வயசு அப்படி. ஆனா இனிமே சாவியைத் திருப்பும்போது அவங்கம்மா கை ஞாபகம் வரும்னு ஒரு நம்பிக்கை.

இதை எழுதி முடிச்சு, போடலாமான்னு வீட்டுக்காரிகிட்ட படிச்சுக் காட்டினேன். "ஏனுங்க, ரெண்டு பலாப்பழம் இல்லை, மூணு"ன்னா. அதை மட்டும் மாத்தாம விட்டிருக்கேன், அவ சொன்னது இங்க இருக்கட்டும்னு.

மலைக்குப் போறவங்க பார்த்துப் போங்க. இறக்கத்துல வண்டிக்கு லீவு விடாதீங்க. வெங்காயம் பத்தி அடுத்த வாரம் எழுதுறேன்.